சீனரின் ஆங்கிலத்தில் நாம் பார்க்கத் தவறுவது

சீனர் பேசும் ஆங்கிலத்தைக் கிண்டலடிக்கிற ரீல்ஸ் அடிக்கடி கண்ணில் படுகிறது. மனைவியை 'ஹீ' என்கிறார், 'யெஸ்டர்டே ஐ கோ' என்கிறார், கீழே சிரிப்பு எமோஜி வரிசை கட்டுகிறது. சிரிப்பவர்கள் தப்பான இடத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது என் கட்சி.

சீனாவின் பொதுமொழியான மாண்டரினில், பேச்சில் அவன், அவள், அது மூன்றுக்கும் 'தா' என்ற ஒரே உச்சரிப்புதான். வேறுபாடு எழுத்தில் மட்டும். பெண்ணுக்குத் தனி எழுத்து வேண்டும் என்று லியு பன்னோங் என்ற சீனக் கவிஞர் வாதாடிப் பரப்பியதே 1920 வாக்கில்தான். ஆக, பேசும்போது 'ஆணா, பெண்ணா' என்று பார்த்துச் சொல் எடுக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. விதி தெரியும். பரீட்சைத் தாளில் கேட்டால் சரியாகவே எழுதுவார்கள். பேச்சு வேகத்தில் நழுவுகிறது, அவ்வளவுதான்.

காலம் இன்னும் சுவாரசியம். சீன வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது. நேற்று, நாளை என்று சேர்த்தால் போதும். வினைக்குப் பின்னால் 'ல' என்று ஒன்று வரும். அதை இறந்தகால விகுதி என்று எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தின் '-எட்' உடன் ஜோடி சேர்த்தால் வம்பு. அது செயல் முடிவதைக் காட்டுவது. 'நாளைக்குச் சாப்பிட்டுட்டுக் கிளம்பலாம்' என்பதிலும் அந்த 'ல' வரும். நமக்கு இது சட்டென்று புரியும், நம் 'சாப்பிட்டு'வும் அப்படித்தானே!

'ஏ', 'தி' அங்கே கிடையாது. எண் சொன்ன பிறகு பன்மை தேவையில்லை (நாமும் 'ரெண்டு இட்லி' என்றுதான் கேட்கிறோம்). 'பிகாஸ்' போட்டால் 'ஸோ'வும் கூடவே வந்துவிடும், சீனத்தில் அவை ஜோடி என்பதால். இதெல்லாம் காதில் விழுகிற பிழைகள்.

காதில் விழாதது ஒன்று உண்டு. 1974இல் ஜாக்குலின் ஷாக்டர் என்ற மொழியியலாளர், ஆங்கிலம் கற்கும் பாரசீகர், அரபியர், சீனர், ஜப்பானியர் எழுதியவற்றை எடுத்து, 'தி புக் தட் ஐ பாட்' மாதிரியான அமைப்பை எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்த்தார். சீனரும் ஜப்பானியரும்தான் குறைவாகத் தப்பு விட்டிருந்தார்கள். கெட்டிக்காரர்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மற்றவர்களைவிட அந்த அமைப்பை அவர்கள் மிகக் குறைவாகவே பயன்படுத்தியிருந்தார்கள்! 'நான் நேற்று வாங்கின புத்தகம்' என்று நம்மைப் போலவே சீனத்திலும் விவரமெல்லாம் முன்னால், பெயர் கடைசியில். ஆங்கிலத்தில் தலைகீழ். அதனால் அந்தப் பக்கமே போகாமல் ஒதுங்கிவிடுகிறார்கள். இரண்டு குட்டி வாக்கியங்களாக உடைத்தால் வேலை முடிந்தது, தப்பும் இல்லை.

எனக்கு உறுத்துவது இதுதான். காவ்காவ் எனும் கல்லூரி நுழைவுத் தேர்வில் பெரும்பாலான மாகாணங்களில் 750 மதிப்பெண்ணில் 150 ஆங்கிலத்துக்கு. அவ்வளவு பணயம் வைத்த பிள்ளை தெரியாத வாக்கியத்தில் கை வைக்குமா? சிவப்பு மை பிழையைத்தான் வட்டமிடும். எழுதாமல் விட்ட வாக்கியத்தை எப்படி வட்டமிடுவது? இணையக் கிண்டலும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஆசிரியர்கள் 'ஹீ-ஷீ'யைப் பேச்சில் கொஞ்ச காலம் கண்டுகொள்ளாமல் விடலாம். அந்த நேரத்தில், உடைத்து எழுதின இரண்டு வாக்கியங்களைக் காட்டி, 'இதை ஒன்றாக்கிச் சொல்லு, தப்பாக இருந்தாலும் பரவாயில்லை' என்று கேட்கலாம். அதற்கு மதிப்பெண்ணும் கொடுக்கலாம்.