அது வெறும் ஆங்கிலச் சொல் இல்லை

அந்தச் செய்தித் தலைப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு நாட்டை உலகமே ஒதுக்கிவைத்துவிட்டதாம், அதைச் சொல்ல ‘பரையா ஸ்டேட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஏன் இந்தச் சொல் என்று கேட்டேன். “அது ஆங்கிலச் சொல், இதில் எதற்குச் சாதியை இழுக்கிறீர்கள்” என்று வரிசையாகப் பதில்கள். இழுத்தது நானா?

‘பரையா’ என்பது பறையர் என்ற எங்கள் சமூகத்தின் பெயர். பறை என்ற இசைக்கருவியிலிருந்து வந்த பெயர் என்றுதான் ஆங்கில அகராதிகளே சொல்கின்றன. 1613-லேயே ஆங்கில நூலில் ஏறிவிட்டது. அப்போது அது தமிழ்நாட்டின் இந்தச் சமூக மக்களைத்தான் குறித்தது. அப்புறம் தெருநாய்க்கு அந்தப் பெயரை வைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ‘ஊர் ஒதுக்கிய எவரும்’ என்று பொருள் விரிந்துவிட்டது. யூதர்கள் பட்ட ஒதுக்கலைச் சொல்ல ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரும் இதே சொல்லைத்தான் எடுத்தார். உலகத்தில் யார் ஒதுக்கப்பட்டாலும் அதற்கு எங்கள் பெயர் வேண்டியிருக்கிறது.

பிளஸ் ஒன்னில் ஆங்கில ஆசிரியர் இந்தச் சொல்லுக்குப் பொருள் சொன்னார். “சேர்த்துக்கொள்ளக் கூடாதவன். நம்ம ஊர்ப் பெயர்தான்பா” என்று சிரித்தார். முன் பெஞ்சில் இரண்டு தலைகள் என் பக்கம் திரும்பின. வீட்டில் யாரிடமும் நான் சொல்லவில்லை. அகராதியில் இருப்பதைத்தானே அவர் சொன்னார் என்பீர்கள். அகராதியில் இருக்கும் எல்லாச் சொல்லையும் தலைப்பில் போடுகிறீர்களா?

“சொற்கள் பொருள் மாறும்” என்கிறார் ஒரு நண்பர். மாறும், சரி. ஆனால் அந்தப் பெயரோடு வாழும் மக்கள் இன்னும் இருக்கிறார்களே! மலேசியாவில் பாடநூலாக வைத்த ஒரு நாவலில் இந்தச் சொல் இருந்ததற்கு 2011 வாக்கில் அங்குள்ள தமிழர்கள் எவ்வளவு போராடினார்கள். அங்கே வலித்தது இங்கே வலிக்காதா?

தலித் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் தன் பத்திரிகைக்கே ‘பறையன்’ என்று பெயர் வைத்தாரே என்று ஒருவர் மடக்கப் பார்த்தார். வைத்தார். தன் பெயரைத் தானே எடுத்துத் தலை நிமிர்ந்து வைத்தார். “துடியன் பாணன் பறையன் கடம்பன்” என்று புறநானூறு குடிகளின் வரிசையில் வைத்துச் சொன்ன பெயர். அதை வசைச் சொல்லாக்கி அச்சடிப்பதும் அவர் செய்ததும் ஒன்றா?

இதையெல்லாம் எழுதினால் “இப்போதுதான் கல்லூரி விழாக்களில் பறைக்குக் கைதட்டுகிறோமே” என்கிறீர்கள். தட்டுங்கள், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஊரில் சாவு விழுந்தால் பறை அடிக்க வா என்று இன்னும் ஆள் அனுப்புகிறார்கள். வரமாட்டேன் என்று சொன்னதற்காக அடிபட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எதிரில் நின்று, இது வெறும் ஆங்கிலச் சொல் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.