ஆர்ஜிஎம்ஐஐ தாமதம் குறித்து ஒரு திருத்தம்
அண்ணாச்சி, ஆர்ஜிஎம்ஐஐ என்பது செயலியையும் பிஹெச்ஒய் எனும் ஈதர்நெட் சில்லையும் இணைக்கும் தடம். லினக்ஸ் கர்னலுக்குப் போர்டின் அமைப்பைச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பில், பிஹெச்ஒய்-மோடு என்ற இடத்தில், தாமதத்தை யார் தருவது என்று குறிக்கும் நான்கு ஆர்ஜிஎம்ஐஐ பெயர்களையும் மாற்றி மாற்றிப் போட்டு, எதில் பிங் (நெட்வொர்க் சோதனை) போகிறதோ அதையே பேட்ச்சாக (கர்னலுக்கான திருத்தமாக) அனுப்பலாம் என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு.

கிகாபிட் வேகத்தில் கடிகாரம் 125 மெகாஹெர்ட்ஸ். இரு விளிம்புகளிலும் தரவு மாறுவதால் ஒவ்வொரு பிட்டுக்கும் 4 நானோ நொடிதான் கிடைக்கிறது. கடிகார விளிம்பு அந்த 4 நானோ நொடியின் நடுவில் விழ, கடிகாரத்தை ஏறக்குறைய 2 நானோ நொடி தாமதப்படுத்த வேண்டும். வெறும் 'ஆர்ஜிஎம்ஐஐ' என்று எழுதினால், அந்தத் தாமதத்தைப் போர்டின் செம்புத் தடமே தருகிறது என்று பொருள். அதற்குச் சுமார் 30 சென்டிமீட்டர் கூடுதல் தடம் வேண்டும். ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளுக்காகப் பாளையங்கோட்டையில் நாங்கள் செய்த உள்ளங்கையளவுப் போர்டில் அப்படி ஒரு தடத்துக்கு இடமே இல்லை. பெரும்பாலான போர்டுகளுக்கு, தாமதத்தைத் தடம் அல்ல, சில்லே உள்ளுக்குள் தருகிறது எனக் குறிக்கும் 'ஆர்ஜிஎம்ஐஐ-ஐடி'தான் சரி.

தவறான பெயரிலும் பிங் போகலாம். பெயரைப் பொருட்படுத்தாத டிரைவரில், ஸ்ட்ராப் மின்தடைகளோ (சில்லின் தொடக்க அமைப்பைத் தீர்மானிப்பவை) கர்னலை ஏற்றும் யூ-பூட் நிரலோ வைத்த தாமதம் அப்படியே நீடிக்கும். 2019-இல், கர்னல் 5.1-க்காக ஏதெரோஸ் பிஹெச்ஒய் சில்லுகளின் டிரைவர் பெயரை மதிக்கும்படி திருத்தப்பட்டபோது, அதுவரை ஓடிய பல போர்டுகளில் நெட்வொர்க் நின்றுபோனது இதனால்தான்.

ஆகவே முதலில் சர்க்யூட் வரைபடத்தைப் பாருங்கள். பிறகு ஈதெர்டூல் எனும் நெட்வொர்க் கருவி நிரலில் சிஆர்சி பிழை (கெட்டுப்போன தரவுத் துண்டுகள்) எண்ணிக்கை ஏறுகிறதா என்று கவனியுங்கள். டிரைவர் பிழைத் திருத்தத்தை, நீங்கள் சொன்னபடி புதிய வசதிகளுக்கான நெட்-நெக்ஸ்ட்டுக்கு அல்ல, எந்த மாற்றத்தின் பிழையைத் திருத்துகிறது என்று சொல்லும் ஃபிக்ஸஸ் வரியுடன், திருத்தங்களுக்கான நெட் கிளைக்கே அனுப்ப வேண்டும்.