டீசல் ஒரு பக்கம் கிளட்ச் ஒரு பக்கம்

2008 மாடல் லாரிய வச்சுக்கிட்டு நான் படுற பாடு இருக்கே... காலைல வந்து பாத்தா வண்டிக்கு அடியில டீசல் சொட்டிக் கெடக்கு, பில்டர்ல பைப் சேர்ற போல்ட்டுக்கு பழைய செப்பு வாஷரையே திருப்பிப் போட்டு இறுக்கி விட்டுருக்காரு மெக்கானிக்கு, அந்தச் சில்லறை வாஷர்ல என்ன மிச்சம் புடிச்சாரோ, நைட்டு நின்னா லைன்ல காத்து புடிச்சுக்குது, தெனம் ஹேண்ட் பம்ப்ப அடிச்சு ஏர் எடுத்தாத்தான் ஸ்டார்ட்டே ஆகுது.

சரி இதோட போச்சான்னா இல்ல. சேலத்துல இருந்து லோடோட தொப்பூர் கணவாய் ஏறுறப்ப ஆக்சிலேட்டர மிதிச்சா இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி நகரமாட்டேங்குது, கேபின் பூரா கருகுன வாடை. கிளட்ச் பெடல்ல ப்ரீ பிளே, அதான் கிளட்ச் புடிக்கிறதுக்கு முன்னாடி பெடல் சும்மா அமுங்குற கொஞ்ச தூரம், அது இருக்கு, பாத்துட்டேன். அப்ப கிளட்ச் பிளேட்டு தேஞ்சிருக்கணும், இல்லன்னா ஆயில் சீல் ஒழுகி பிளேட்டுல எண்ணெய் பட்டுருக்கணும், எதுவானாலும் கியர் பாக்ஸ எறக்கணுமாம். இந்த மாசம் எப்.சி. வேற, வண்டி ஓட்டத் தகுதியா இருக்கான்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்டி சான்று வாங்கணும்!