நைட்ரைட் நெகட்டிவ் என்றால் தொற்று இல்லை என்பது தவறு

அண்ணே, "யூரின் ஸ்ட்ரிப்பில் நைட்ரைட் நெகட்டிவ், அப்பாவுக்குத் தொற்று இல்லை, காய்ச்சலுக்குப் பனடோல் போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். ஈ.கோலை போன்ற சில கிருமிகள்தாம் அந்தப் பட்டை காட்டும் நைட்ரைட் என்ற வேதிப்பொருளைச் சிறுநீரில் உண்டாக்கும். 'ஏரோகாக்கஸ் யூரினே' (Aerococcus urinae) என்ற கிருமி அதை உண்டாக்காது. 1992இல் பெயரிடப்பட்ட இந்தக் கிருமியின் கடுமையான தொற்று, புராஸ்டேட் போன்ற சிறுநீர்ப்பாதைத் தொல்லையுள்ள வயதான ஆண்களிடம்தான் அதிகம் தென்படுகிறது. பார்வைக்கு ஸ்டெஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற வேறு கிருமிகளைப் போலவே இருப்பதால் லேப்பிலேயே பல காலம் தவறவிட்டிருக்கிறார்கள். அபூர்வம்தான்; ஆனால் இரத்தத்தில் கலந்தால் இதய வால்வையே அரித்துவிடக்கூடும். பெரும்பாலும் பென்சிலினுக்குக் கட்டுப்படும், கண்டுபிடித்தால்தானே கொடுக்க முடியும்!

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டில், தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர்கள் 'வயசுக் கோளாறு' என்று படுத்தே கிடப்பார்கள். குளிர் நடுக்கமோ திடீர்ப் பிதற்றலோ வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ஆன்டிபயாட்டிக் ஏற்றுமுன் இரத்தக் கல்ச்சர் (இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்தார்களா என்றும் கேளுங்கள்.