பி.எம்.இ. அமெரிக்க அமைப்பு அல்ல

கணிதக் கல்வி உளவியலுக்கான பன்னாட்டுக் குழு (பி.எம்.இ.) ஓர் அமெரிக்க அமைப்பு, மாநாடுகளும் அங்கேதான் நடக்கும் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. 1976இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் நடந்த பன்னாட்டுக் கணிதக் கல்வி மாநாட்டின்போது உருவான குழு இது. முதல் கூட்டம் மறு ஆண்டு நெதர்லாந்தின் உட்ரெக்டில். பிறகு பிராக், சியோல், தைபே, சிங்கப்பூர் என்று ஊர் ஊராகப் போயிருக்கிறது. அமெரிக்காவிலும் நடந்ததுண்டு, 2003இல் ஹொனலூலுவில். பி.எம்.இ.-என்.ஏ. என்கிற வட அமெரிக்கக் கிளை தனியே ஆண்டுக் கூட்டம் நடத்துவதால் இந்தக் குழப்பம் வந்திருக்கலாம், பலருக்கும் வருவதுதான். சந்தேகம் இருந்தால் மாநாட்டுக் கட்டுரைத் தொகுப்பு எதையாவது திறந்து முதல் பக்கத்தைப் பாருங்கள். ஊரும் ஆண்டும் அங்கேயே இருக்கும். கிளையின் தொகுப்பு என்றால் தலைப்பிலேயே வட அமெரிக்கக் கிளை என்று போட்டிருப்பார்கள்.