அசிற்றோனும் குசினியும்

வன்னிப் பெண்களின் ஓவியங்கள் என்று கண்காட்சி வைத்தால் அனேகமாக முள்ளுக்கம்பி இருக்கும், கண்ணீர் இருக்கும், தலைவிரி கோலத்தில் ஒரு தாய் இருப்பாள். வரைகிற பிள்ளைகளில் பிழையில்லை. கேட்கிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். குசினி, சாப்பாட்டு மேசை, கட்டிலில் சாய்ந்துகொண்டு போன் பார்க்கிற பெண் எல்லாம் சில்லறை விசயமாம்.

நிஜிடேகா அக்குன்யிலி கிறொஸ்பியின் ஓவியங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள். 1983இல் நைஜீரியாவின் எனுகுவில் பிறந்த இக்போ இனப் பெண். 1999இல் அமெரிக்கா போனவர். எனுகு, 1967–70 போரில் நைஜீரியாவில் இருந்து பிரிந்து நின்ற பியாஃப்ராவின் முதல் தலைநகர். ஆனாலும் அவர் திரும்பத் திரும்ப வரைவது மேசை, மண்ணெண்ணெய் விளக்கு, தேநீர்ச் சாமான், கணவனோடு இருக்கிற அறை. கிட்டப் போனால்தான் சங்கதி விளங்கும். சுவர், தரை, உடுப்பு, சில இடத்தில் தோல் முழுக்கச் சின்னச் சின்ன நிழற்படங்கள் பதிந்திருக்கும்: குடும்ப அல்பத்தில் இருந்தும் நைஜீரியச் சஞ்சிகைகளில் இருந்தும் எடுத்தவை. அமெரிக்க அறைக்குள் எனுகு அப்படித்தான் வந்து இருக்கிறது.

படத்தின் போட்டோக் கொப்பியை அசிற்றோன் என்ற திரவத்தால் நனைத்துத் தேய்த்து, படத்தைத் தாளுக்கு மாற்றுகிற இந்தப் பதிப்பு முறைக்குப் பெரிய செலவில்லை. கொப்பியில் இருந்துதான் பதிக்கவேண்டும் என்பதால், ஒரேயொரு படம் மிஞ்சிய வீடுகளுக்கு இது தோதான முறை. மூலப்படத்தில் அசிற்றோன் ஒரு சொட்டும் படக்கூடாது. ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை இழுத்துக் கழற்றவும் வேண்டாம், மேல்தோல் உரிந்துவிடும். கண்ணாடியோடேயே விறாந்தை நிழலில் வைத்து, பிளாஷ் இல்லாமல், போனைச் சரிவில்லாமல் நேரே பிடித்து எடுங்கள். வட்சப்பில் அனுப்புவதென்றால் டொக்கியூமென்டாக அனுப்பவேண்டும். சும்மா அனுப்பினால் படம் சுருங்கி முகம் கலங்கிவிடும்.

கொப்பி லேசர் இயந்திரத்தில் எடுத்ததாக இருக்கவேண்டும். இன்க்ஜெற் மை இதற்குச் சரிவராது. அசிற்றோன் கரைப்பது டோனரில், அதாவது லேசர் இயந்திரத்தின் மைத்தூளில், உள்ள பிளாஸ்ரிக்கை. படம் இடம் வலம் மாறித்தான் விழும், அதனால் கடையிலேயே திருப்பி அடிக்கச் சொல்லுங்கள், கொஞ்சம் கறுப்பாகவும். வழவழப்பான தடித்த தாளில் கொப்பியைக் கவிழ்த்து இரண்டு பக்கம் ரேப் ஒட்டி, பஞ்சை நனைத்துப் பிழிந்து முதுகில் தடவி, கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தித் தேய்க்கவேண்டும். தீப்பெட்டி அளவு இடம் முடிந்த பிறகுதான் அடுத்தது. மத்தியான வெயிலில் தடவ முதலே காய்ந்துவிடும், காலமை செய்யுங்கள். கூட ஊற்றினால் டோனர் ஓடி மூக்கும் வாயும் ஒன்றாகிவிடும். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, மங்கலென்றால் அதே இடத்தில் திரும்பத் தேய்க்கலாம். கொப்பியை முழுக்கக் கழற்றினால் மறுபடி அச்சொட்டாக வைக்க ஏலாது.

நகப்பூச்சு அழிப்பான் எல்லாவற்றிலும் அசிற்றோன் இல்லை. இருப்பதிலும் எண்ணெய் கலந்திருந்தால் தாளில் கறை விழும். றெஜிபோம் கோப்பையில் ஊற்றினால் கோப்பையே கரைந்துவிடும், கண்ணாடிப் போத்தல் பாவியுங்கள். இது சட்டென்று தீப்பற்றும். குசினியை வரையலாம், குசினிக்குள் வைத்து இந்த வேலை செய்யக்கூடாது. நுளம்புத்திரியும் பக்கத்தில் வேண்டாம். பதித்த இடத்தில் வோட்டர் கலர் உருண்டு விலகும், அக்கிறிலிக்கை மெல்லிசாகப் பூசினால் நிற்கும்.

எதை வரைவது? வீட்டுத்திட்ட வீட்டையே எடுங்கள். உள்ளே கட்டிய குசினியில் நெல்மூட்டையும் பழைய சைக்கிளும் நிற்கும். சமையல் பின்னால் கிடுகுக் கொட்டிலில் நடக்கும், விறகுப் புகையை அந்தச் சின்ன ஜன்னல் தாங்காது என்பதால். வீட்டைத் திட்டமிட்டபோது சமைக்கிறவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அந்த வெறும் குசினியை உள்ளபடி வரைந்தாலே எத்தனை பேச்சு வரும்!

இரண்டு பண்பாட்டுக்கு நடுவில் வாழ்பவர்கள் என்றதும் புலம்பெயர்ந்தவர்களின் ரொறன்ரோதான் ஞாபகம் வருகிறது. வன்னிக்குள்ளேயே அப்படி ஆட்கள் இருக்கிறார்கள். 1977க்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய குடும்பங்களின் பேத்திகளுக்கு இரண்டு சமையல், இரண்டு பேச்சு, இரண்டு ஊர் இருக்கிறது. தேயிலைக் கூடையும் வயல் வரம்பும் ஒரே சுவரில் பதியவேண்டியது அவர்களின் படத்தில். அந்தப் படத்தை நான் இன்னும் எந்தக் கண்காட்சியிலும் காணவில்லை.

கலியாணப் படத்தோடு நிற்கவும் வேண்டாம். கூப்பன் மட்டை, கிளினிக் கொப்பி, அடகுச் சீட்டு எல்லாம் பதிக்கலாம். அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் மறைத்துவிட்டுக் கொப்பி எடுங்கள்.