பன்னிரண்டு வயதில் உயரமாக இருப்பது திறமையா?

கால்பந்து அகாடமியின் செலக்‌ஷன் பட்டியல் வெளியாகும் இரவில் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழு என்ன பாடு படும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். யார் யாருக்குச் சொந்தம், யார் நன்கொடை கொடுத்தார், எந்தப் பையன் கோச்சிடம் தனியாகப் பயிற்சிக்குப் போகிறான் என்று விசாரணை நள்ளிரவு வரை ஓடும். சிபாரிசே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறது. ஆனால், நல்ல பையன்களை வெளியே தள்ளுவதில் அதைவிடப் பெரிய பங்கு யாரிடமும் காசு வாங்காத, நேர்மையான கோச்சின் கண்ணுக்கு இருக்கிறது என்பது என் கட்சி. சிபாரிசு ஒன்றிரண்டு இடங்களைத்தான் தின்னும். இந்தக் கண் மொத்தப் பட்டியலையும் எழுதிவிடுகிறது.

டிரையல்ஸ் நடக்கும் விதத்தைப் பாருங்கள். முதுகில் எண் குத்திய பையன்கள் கூட்டமாக நிற்பார்கள். முன்பின் தெரியாதவர்களை ஓர் அணியாகச் சேர்த்து கொஞ்ச நேரம் ஆடவிடுவார்கள். யாரும் யாருக்கும் பாஸ் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் தன்னை யார் கவனிப்பார்கள் என்ற பயம். அந்தக் களேபரத்தில் கண்ணில் படுவது யார்? வேகமாக ஓடுபவன், பலமாக அடிப்பவன், தோளால் இடித்துப் பந்தைப் பிடுங்குபவன். மூன்றுமே பெரும்பாலும் ஒரே பையன்தான். அவன் மற்றவர்களுக்கு முன்பே வளர ஆரம்பித்தவன்.

முதலில் பிறந்த மாதம். வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்கினால் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பத்து வயதில் ஏறக்குறைய ஒரு வருட வித்தியாசம் என்பது சின்ன விஷயமா? 1980களிலேயே கனடாவின் ஐஸ் ஹாக்கியில் இதைக் கவனித்தார்கள். அப்புறம் பல நாட்டுக் கால்பந்து அகாடமிகளில், வயதுப் பிரிவு தொடங்கும் முதல் மூன்று மாதத்துப் பிள்ளைகள் குவிந்து கிடப்பதும் கடைசி மூன்று மாதத்துப் பிள்ளைகள் அரிதாக இருப்பதும் திரும்பத் திரும்பத் தெரியவந்தது. உங்கள் அகாடமியின் 13 வயதுக்குட்பட்டோர் பட்டியலை எடுத்து மாதத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

மாதத்தைவிடப் பெரிய சிக்கல் உடல் வளர்ச்சி. பையன்கள் திடீரென்று உயரும் காலம் சராசரியாக 14 வயதை ஒட்டி வரும், ஆனால் ஒருவனுக்கு 12இலேயே வரும், இன்னொருவனுக்கு 16 வரை காத்திருக்க வேண்டியிருக்கும். சான்றிதழ்படி ஒரே வயதுள்ள இரண்டு பேரின் எலும்பு வயதில் (எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் வயது) நான்கு ஆண்டுகள்கூட இடைவெளி இருக்கலாம். ஆக, பதினொன்றரை வயது உடம்போடு ஒருவன் பதினைந்து வயது உடம்பை எதிர்த்து ஆடுகிறான். தோற்றதும் “போராடும் குணம் இல்லை” என்று குறிப்பெழுதி அனுப்பிவிடுகிறோம். (வயதைக் குறைத்துக் காட்டும் சான்றிதழ்கள் இத்தனை புழங்குவதற்கும் இதே கண்தான் காரணம். பெரிய உடம்புக்குப் பரிசு கொடுத்தால் பெரிய உடம்பைக் கொண்டுவந்து நிறுத்தத்தானே செய்வார்கள்? ஃபிஃபா 2009 முதல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் வயதைச் சோதிக்க மணிக்கட்டை எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்க ஆரம்பித்ததே இந்தத் தொல்லையால்தான்.)

இங்கிலாந்து வீரர் ஹாரி கேனை எட்டு வயதில் ஆர்சனல் கிளப் வேண்டாம் என்று அனுப்பியது. அவர் பிறந்தது 1993 ஜூலை 28. இங்கிலாந்தில் வயதுப் பிரிவு செப்டம்பர் 1இல் தொடங்குவதால், தன் பிரிவின் கடைக்குட்டிகளில் அவரும் ஒருவர். அவர்தான் 2023இல் முன்னாள் வீரர் வெய்ன் ரூனியின் 53 கோல்களைத் தாண்டி இங்கிலாந்துக்காக அதிக கோல் அடித்தவர் ஆனார். பிரான்ஸ் வீரர் கிரீஸ்மானைச் சிறுவயதில் ஆள் சின்னது என்று பிரான்சின் பல கிளப்புகள் தட்டிக்கழித்தன. ஸ்பெயினின் ரியல் சோசியதாத் எடுத்துக்கொண்டது. 2018இல் பிரான்சுக்கே உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்களில் அவரும் உண்டு. இந்தக் கதைகளைச் சொன்னாலே “பார்த்தீர்களா, திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடலாம்” என்பார்கள். எனக்கு எரிச்சல் வரும் இடம் இதுதான். இவர்களுக்கு அடுத்த கிளப் இருந்தது. வட்டாரத்துக்கே ஒரு அகாடமி இருக்கும் இடத்தில் அது கைவிட்டால் பையன் எங்கே போவான்? பூட்ஸை மூட்டை கட்டிவிட்டுப் போனவர்களைப் பற்றி யாரும் பேட்டி எடுப்பதில்லை.

சரி, உள்ளே எடுக்கப்பட்டவர்களாவது நன்றாக இருக்கிறார்களா? அதுவும் இல்லை. அணியைத் தேர்ந்தெடுப்பவரும் வாராவாரம் களத்தில் இறக்குபவரும் ஒரே ஆள். வருடக் கடைசியில் அவரிடம் கேட்கப்படும் கேள்வி “எத்தனை கோப்பை?” என்பது மட்டும். அவர் என்ன செய்வார்? பெரிய பையனை முன்னால் நிறுத்தி, “தூக்கி அடி, அவன் பார்த்துக்கொள்வான்” என்று எல்லைக்கோட்டில் நின்று கத்துவார். 13 வயதில் அது பலிக்கும். அந்தப் பெரிய பையனும் அதனால் கெட்டுப்போகிறான். ஓட்டத்தாலும் தோளாலும் ஜெயித்தவனுக்கு முதல் தொடுதலில் பந்தை அடக்கவோ, தலை நிமிர்த்திப் பார்க்கவோ தேவையே வராது. 17 வயதில் மற்றவர்கள் வளர்ந்து வந்து அவன் கண்ணுக்கு நேராக நிற்கும்போதுதான் கையில் ஒன்றும் இல்லை என்று தெரியும். அப்போது அவனையும் அனுப்பிவிடுவார்கள்.

பயிற்சியிலும் இதே லட்சணம்தான். பதினைந்து பேர் வரிசையில் நிற்க ஒரே பந்து. முறை வந்தால் ஒரு தொடுதல், மறுபடி வரிசையின் வால். மீதி நேரம் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். நான்குக்கு நான்கு சின்ன ஆட்டம் வைத்தால் ஒவ்வொருவன் காலிலும் பந்து பல மடங்கு அதிகம் படும், முடிவும் அவனே எடுக்க வேண்டும். இதற்குக் கூடுதல் செலவு நாலு கூம்புகள். ஆனால் வேடிக்கை பார்க்கும் பெற்றோர்களுக்கு வரிசைதான் ஒழுக்கமாகத் தெரிகிறது. அந்தப் பழியில் நமக்கும் பங்கு உண்டு.

குதிகால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை. வளரும் வயதில் குதிகாலிலும் முழங்காலுக்குக் கீழேயும் வலி வருவது வளர்ச்சித் தட்டு (எலும்பு வளரும் மென்மையான பகுதி) இழுபடுவதால். ஓட்டமும் தாவலும் கூடினால் மோசமாகும், சுமையைக் குறைத்தால் அடங்கும். “நடிக்காதே” என்று சொல்லி இன்னும் இரண்டு சுற்று ஓடவிடும் கோச்சைக் குழந்தைகள் பக்கமே விடக்கூடாது.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்? பெல்ஜியம், தாமதமாக வளரும் பையன்களுக்கென்றே தேசிய அளவில் தனி அணி வைத்தது. இங்கிலாந்து அகாடமிகள் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, வயதை விட்டுவிட்டு உடல் வளர்ச்சியை வைத்துப் பிரித்து ஆடவிட்டுப் பார்த்தன. பையனின் உயரம், எடை, பெற்றோரின் உயரம் இவற்றை வைத்து அவன் இறுதியில் எவ்வளவு உயர்வான் என்று கணக்கிட்டு, அதில் எத்தனை சதவீதம் இப்போது எட்டியிருக்கிறான் என்று பார்ப்பார்கள். சின்னவர்கள் அங்கே ஆட்டத்தை நடத்தினார்கள், பெரியவர்கள் முதல் முறையாக யோசித்து ஆட வேண்டி வந்தது. நார்வேயில் 11 வயதுக்கு முன் புள்ளிப்பட்டியலே போடக்கூடாது. 2016 யூரோ கோப்பையில் (ஐரோப்பிய நாடுகளின் போட்டி) இங்கிலாந்தை 2–1 என்று வீட்டுக்கு அனுப்பியபோது ஐஸ்லாந்தின் மக்கள்தொகை சுமார் மூன்று லட்சத்து முப்பதாயிரம். அங்கே சின்னக் குழந்தைகளுக்குக்கூடச் சம்பளம் வாங்கும், லைசென்ஸ் உள்ள கோச் வருகிறார். நம் வழக்கம் தலைகீழ்: அனுபவமுள்ளவர் சீனியர் அணிக்கு, நேற்று சேர்ந்தவர் குழந்தைகளுக்கு.

பணமில்லை என்று நிர்வாகிகள் சொல்வார்கள். அளவு நாடாவும் எடைக்கருவியும் எந்த அகாடமியாலும் வாங்க முடியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பையனின் உயரத்தையும் எடையையும் எழுதி வைத்து, செலக்‌ஷன் நாளில் அந்தத் தாளை மேசையில் வையுங்கள். ஒரே நாள் டிரையல்ஸுக்குப் பதிலாக சில வாரங்கள் பாருங்கள். தேர்வுக்குழுவில் அந்த வயது அணியின் கோச் அல்லாத ஒருவராவது இருக்கட்டும். 13 வயதில் கழித்துக்கட்டிய பையனை 15இல் கட்டாயம் மறுபடி கூப்பிட வேண்டும் என்று விதி எழுதுங்கள். எடுக்காத பிள்ளையின் வீட்டுக்கு, எண்ணை மட்டும் ஒட்டிய பட்டியலுக்குப் பதில் காரணத்தோடு ஒரு கடிதம் போகட்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நான் கையில் கொண்டுபோகப் போவது நம் பட்டியலின் பிறந்த மாதக் கணக்கு. உங்கள் பிள்ளையின் அணிக் கணக்கையும் எடுத்து அனுப்பினால் சேர்த்து வைத்துக் கேட்கலாம்.